முதல் இலை

கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பைப் புறங்கையில் விட்டு நக்கினாள் ரெஜினா. வெந்நீர் மாதிரி இருந்தது. தினமும் அப்படித்தான் இருக்கிறது. பழக்கம் மட்டும் விடவில்லை.

ஒரு காய்ச்சலோடு வாசனையும் ருசியும் போய் நாலு வருஷமாகிவிட்டது. புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மெஸ் நடத்துகிறவள் இதை யாரிடம் சொல்ல முடியும்? சிறுசேரியில் வேலை பார்க்கும் மகன் ஆல்வின், கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி வாராவாரம் போன் செய்கிறான். தெரிந்தால் அன்றைக்கே பூட்டிவிடுவான். பரிமாறும் பிரபாவிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் மீன் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும்.

அவளுக்கு இருந்தது வரதன்.

கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பதினொன்றே முக்காலுக்கு முதல் இலை அவருக்கு. சமையலறைச் சன்னல் வழியாக ரெஜினா அவர் கையைப் பார்ப்பாள். இலை ஓரத்து உப்பைத் தொட்டால் குழம்பில் உப்புக் குறைவு. ரசத்துக்கு முன்னால் மோர் கேட்டால் அதிகம். இடது கையால் மூக்கைத் துடைத்தால் காரம். ஒன்றும் செய்யாமல் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே போனால் சரி. பன்னிரண்டரைக்குக் கூட்டம் வருவதற்குள் சட்டியைச் சரிசெய்துவிடுவாள். அவருக்கு இது தெரியாது.

வரதன் நாளைக் காலை கேளம்பாக்கம் போகிறார், மகன் வாங்கிய பிளாட்டிலேயே தங்கிவிட.

"எட்டாவது மாடியாம். லிஃப்டு கீதாம். மீன் பொரிச்சா பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வருவானாம்" என்றபடி உட்கார்ந்தார்.

இன்று வியாழக்கிழமை. மாங்காய் போட்ட காரப்பொடி மீன் குழம்பு. வியாழக்கிழமை என்று ஆனதே இவரால்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மழையில் படகுகள் போகவில்லை. கரைவலையில் காரப்பொடி மட்டும் கிடைத்தது. "பூனைக்குப் போடற மீனு, இத்தப் போயி எப்பிடி எலைல வெக்கறது?" என்று கூச்சப்பட்டார் அப்போது உயிரோடு இருந்த அவள் கணவர் பெஞ்சமின். நனைந்து வந்த டிரைவர் மூன்று முறை சோறு வாங்கினார். முள்ளையெல்லாம் இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். அடுத்த வியாழன் பஸ்ஸிலிருந்து ஏழு பேரைக் கூட்டிவந்தார்.

"பஸ் கதவத் தொறந்தா உன் கொழம்புதான் மொதல்ல ஏறுது" என்பார்.

அந்த வாசனை எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தால், மழையில் நனைந்த காக்கிச் சட்டைதான் அவளுக்கு நினைவு வருகிறது.

வரதன் குனிந்து சாப்பிட்டார். உப்பைத் தொடவில்லை. மோர் கேட்கவில்லை. மூன்று முறை சோறு. முள் வரிசையாக நின்றது. ரெஜினா அடுப்பைத் தணித்தாள்.

அடுத்த இலை எலக்ட்ரீசியன் கலையரசனுக்கு.

"யக்கா! இன்னா இது, கடல மொண்டு ஊத்திட்டியா?"

ரெஜினா வெளியே வந்தாள். காலையில் உப்புப் போட்டது நினைவிருந்தது. எத்தனை முறை என்பது நினைவில்லை. வரதன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, உப்பு கரிக்குதா?"

"லைட்டா."

"லைட்டாவா? அவன் துப்பறான்."

"கடைசி நாளு. எதுக்கு உன் மனச நோகடிக்கணும்னு துன்னுட்டேன்."

"மோராவது கேட்டிருக்கலாம்ல?"

"மோருக்கும் இதுக்கும் இன்னா?"

அவள் சொன்னாள். நாக்கு, மூக்கு, சன்னல், அவர் கை. வரதன் ஈரக் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு வருசமா சாப்பிட வந்தேன்னு நெனச்சேன். மீட்டராத்தான் ஒக்காந்துகினு இருந்தேனா?"

"வேற யாரு கீறாங்க எனுக்கு?"

மணி பன்னிரண்டு. வரதன் முதல் முறையாகச் சமையலறைக்குள் வந்தார்.

"வெந்நீர் ஊத்து. புளி கரை. மாங்கா இன்னும் கீதா?"

அவள் ஊற்ற, அவர் உள்ளங்கையில் வாங்கி நக்கினார். இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்.

பிரபா தண்ணீர் ஜக்கோடு வாசலில் நின்றாள். "அவரு எதுக்குக்கா ருசி பாக்கறாரு? உனுக்கு வாய் இல்ல?"

வரதன் ரெஜினாவைப் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு நான் இல்ல. நீயே சொல்லு."

"எனுக்கு ருசி தெரியாது பிரபா" என்றாள் ரெஜினா. "நாலு வருசமாச்சி."

பிரபா ஜக்கைக் கீழே வைத்தாள். கலையரசன் வெளியே இலையைத் தட்டினான்.

"மொதல்ல எனுக்கு ஒரு புடி போடு" என்றார் வரதன். "இப்பதான் காரப்பொடி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். எட்டரை மணிக்கு வரதனின் சாமான் வண்டி மெஸ்ஸைத் தாண்டிப் போனது. பதினொன்றரைக்கு ரெஜினா ஒரு கிண்ணத்தில் சாம்பார் எடுத்துப் பிரபாவிடம் கொடுத்தாள். உப்புப் பற்றவில்லை என்றாள் பிரபா. ரெஜினா அரைக் கரண்டி போட்டாள். முதல் இலையில் கலையரசன் உட்கார்ந்தான். சாயங்காலம் ஆல்வின் போன் செய்தான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. ஆமாம் என்றாள் ரெஜினா. மூடிவிடலாமா என்று கேட்டான். நாளைக்குக் கடை உண்டு என்று சொல்லிவிட்டு, புளியை ஊறவைத்தாள்.