தார் முடிகிற இடம்

வடக்கிலிருந்து எந்த வண்டி வந்து நின்றாலும் நபோர் முரீயோ நிமிர்ந்து ஓட்டுநரைப் பார்ப்பதில்லை. குனிந்து முன் டயரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார். வைத்த கையை எடுப்பதற்குள் கேட்டுவிடுவார்: “தார் எங்க முடியுது?”

பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், தண்ணீர் கேட்டு நின்றவர்கள், படகை இழுத்துக்கொண்டு வந்த அமெரிக்கர்கள் என்று எல்லோரிடமும் பன்னிரண்டு வருடமாக இதே கேள்விதான். பதில் ஒருபோதும் கிலோமீட்டரில் வராது. “செத்த பஸ்ஸுக்கு இந்தப் பக்கம்.” “ரெண்டாவது ஓடையைத் தாண்டியாச்சு, மூணாவதுல பாலம் கட்டுறாங்க.” “போன தடவை பாத்த அதே இடந்தான், ரோலர் மேல பருந்து கூடு கட்டியிருக்கு.” கேட்டுத் தலையாட்டிக்கொள்வார். அப்புறம்தான் வணக்கம், டயர் எல்லாம்.

நபோரின் டயர் கடை இருக்கிற லா எஸ்தாக்காவுக்கு வருகிற பாதை அப்படி. ஒரு பக்கம் கோர்தெஸ் கடல், மறுபக்கம் கறுத்த மலை, நடுவில் துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாகக் கெட்டிப்பட்ட சரளை. வடக்கே சான் ஃபெலிப்பேயில் வாங்கிய தக்காளி இங்கே சாறாக வந்து சேரும். வண்டி ரேடியோ தன் திருகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடும். டயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நபோருக்குச் சோறு போட்டது அந்தச் சரளைதான்.

அதனால்தான் லிப்ராதோ அவரை விடாமல் சீண்டுவான். லிப்ராதோ மீன் வண்டிக்காரன். வாரத்தில் இரண்டு தடவை லா எஸ்தாக்காவின் மீனைப் பனிக்கட்டியில் போட்டு வடக்கே கொண்டுபோவான். அவன் மகனுக்கு ஞானஸ்நானத்தில் நபோர்தான் ஞானத் தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்; நபோரின் மனைவி அவனுக்குக் ‘கொமாத்ரே’.

“டயர் ஒட்டுறவன் தார் ரோடு கேக்குறதை இங்கதான் பாக்குறேன் கொம்பாத்ரே. சவப்பெட்டி செய்யுறவன் ஊருக்கு டாக்டர் வேணும்னு மனு குடுக்குற மாதிரி இருக்கு.”

“என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் இருக்காளேடா.”

“அப்ப நீ அந்தப் பக்கம் போக வேண்டியதுதானே?”

இதற்கு நபோரிடம் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் உண்மைதானா என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வரும்.

மனைவி உபால்தினாவின் முதுகெலும்பில் இரண்டு திருகு இருக்கிறது. என்ஸெனாதாவில் ஆபரேஷன் செய்த டாக்டர், “இனிமே அந்தச் சரளைப் பாதையில வண்டி ஏறிராதீங்கம்மா” என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்கு முன்பு, வலி தாங்காமல் அவளை வெளியே கொண்டுபோன நாளில், வண்டியின் பின்புறம் மெத்தை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். மூன்று மணி நேரப் பாதையைப் பகல் முழுக்க ஓட்டினார் நபோர். அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சான் ஃபெலிப்பேயில் அக்காள் வீட்டில் தங்கினாள். அக்காளின் மீன் வறுக்கும் கடையில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலைகளைச் செய்தாள். “தார் போட்டதும் வந்துர்றேன்” என்றாள். அப்போது அரசாங்கம் ஒரு பலகை நட்டிருந்தது, இரண்டு வருடத்தில் சாலை முடியும் என்று. பலகையில் வருடத்தை மட்டும் பிறகு நான்கு தடவை அழித்து எழுதினார்கள்.

நபோரும் அங்கே போய் இருந்து பார்க்காமலில்லை. சான் ஃபெலிப்பேயில் தெருவுக்குத் தெரு டயர் கடை. இன்னொருவன் கடையில் கூலிக்கு நின்றார். மாலையில் அக்காள் வீட்டுச் சமையலறையில் எங்கே நின்றாலும் யாருக்காவது இடைஞ்சல். ஒரு மாதம் போனதும் உபால்தினாவே சொன்னாள்: “கரையேத்தி வச்ச படகு மாதிரி நிக்கிறே. போய் உன் கடையைப் பாரு. நான் எங்க ஓடிடப் போறேன்?” அவர் திரும்பிவிட்டார். மாதம் ஒருமுறை போய்வருவார். வண்டியில் திரும்பி வரும்போதெல்லாம், ‘அவள் சொன்னதால் வந்தேனா, சொல்லட்டும் என்று காத்திருந்து வந்தேனா?’ என்று மனசு குடையும்.

சாலை வந்தது, வராமலும் போனது. ஒரு கம்பெனி வந்து மலையை வெடிவைத்து அறுத்துவிட்டுப் பணம் வரவில்லையென்று போனது. அடுத்த கம்பெனி அந்த அறுப்பு சரியில்லை என்று வேறிடத்தில் அறுத்தது. தேர்தலுக்கு முன்னால் வேகம் பிடிக்கும். தேர்தல் முடிந்தால் ரோலர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு செப்டம்பரில் புயல் வந்து, மூன்று வருடமாகக் கட்டிய பாலங்களை ஒரே ராத்திரியில் கடலுக்குள் தள்ளியது. லிப்ராதோ பார்த்துவிட்டு வந்து, “உன் சம்சாரம் ரெண்டு ஓடை பின்னாடி போயிட்டா கொம்பாத்ரே” என்றான். நபோர் சிரிக்கவில்லை என்றதும் அவனும் அதோடு நிறுத்திக்கொண்டான்.

பன்னிரண்டாவது வருடம் தார் கண்ணுக்கே தெரிகிற தூரத்துக்கு வந்தது. வடக்குத் திருப்பத்துக்கு அப்பால் கரும்புகை எழுவதைக் கடை வாசலிலிருந்தே பார்க்கலாம். லா எஸ்தாக்காவில் எல்லோரும் நபோரின் தோளைத் தட்டினார்கள். அவர் கட்டிலுக்குப் புதுப் பலகை அடித்தார். சமையல் மேடையைக் குனியாமல் வேலை செய்கிற உயரத்துக்கு ஏற்றினார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். உபால்தினா சாலையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் லிப்ராதோ மீன் இறக்கப் போனால் அவனிடம் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். நபோர் மாதம் ஒருமுறை போகும்போதும் அதே கேள்விதான். இப்போது பேச்சு அக்காளின் சர்க்கரையைப் பற்றி, எண்ணெய் விலையைப் பற்றி. அவரே ஆரம்பித்தாலும், “ஓ, அப்படியா” என்று சொல்லித் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

அவள் வரப்போவதில்லை என்று நபோருக்குத் தோன்றியது. சாலை ஒரு சாக்கு. இத்தனை நாள் அது இருவருக்கும் வசதியாக இருந்தது. நாளைக்குத் தார் வாசலுக்கு வந்துவிட்டால், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க வேண்டியிருக்கும்; அவளும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மார்ச்சில் வேலை மறுபடி நின்றது. ஏழு கிலோமீட்டர் பாக்கி. பணம் அடுத்த வருடம்தான் வரும், ஆட்களையும் இயந்திரங்களையும் சோனோரா மாநிலத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று லிப்ராதோ வந்து திட்டித் தீர்த்தான். நபோரும் சேர்ந்து திட்டினார். அவன் போனபின் கம்ப்ரசரின் மேல் உட்கார்ந்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. இன்னும் ஒரு வருடம் யாரும் எதையும் கேட்க வேண்டாம். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது அவருக்கே கூச்சமாகிவிட்டது. மனைவி வருவது தள்ளிப்போனதில் நிம்மதிப்படுகிற மனிதனை என்னவென்று சொல்வது?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே லிப்ராதோ வந்து நின்றான். இறங்கவில்லை.

“கொம்பாத்ரே, அவ தார் முனையில உக்காந்திருக்கா.”

“யாரு?”

“யாரா? எனக்கு எத்தனை கொமாத்ரே? உன் பொண்டாட்டிதான்! காலையில மீனை இறக்கிட்டுத் திரும்புறேன், பையோட வந்து வண்டியில ஏறிக்கிட்டா. தார் முடியிற வரைக்கும் வரேன்னா. முடிஞ்சுது. இறங்கிட்டா. இனி முன்னாடியும் வரமாட்டாளாம், பின்னாடியும் போகமாட்டாளாம். மண்ணை மட்டம் பண்ற கிரேடர் வண்டிக்காரன் நிழல்ல நாற்காலி போட்டுக் குடுத்திருக்கான். போ, என் வண்டியை எடுத்துட்டுப் போ. உன்னுது ஸ்பிரிங் செத்த வண்டி.”

நபோர் கட்டில் மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். “நான் அடுப்பை மூட்டி வைக்கிறேன்!” என்று பின்னாலிருந்து லிப்ராதோ கத்தினான்.

அந்த ஏழு கிலோமீட்டரில் எத்தனையோ ஆயிரம் தடவை போய்வந்தவர் அவர். அன்றைக்குத்தான் ஒவ்வொரு வரியும் இடுப்பில் ஏறியது. இதில் எப்படி அவளைக் கூட்டிவருவது?

தார் கத்தியால் வெட்டியது போல முடிந்திருந்தது. ஓரத்தில் தார்ப்பாய் நிழல், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் உபால்தினா. தலையில் அக்காளின் வைக்கோல் தொப்பி, மடியில் பை.

“மெத்தையெல்லாம் எதுக்கு?” என்றாள்.

“பின்ன எப்படி வருவே?”

“அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

பக்கத்தில் நின்ற கிரேடர்காரன் எவோதியோ காதில் பஞ்சு அடைத்திருந்தான். இருபது வருட இயந்திரச் சத்தத்தில் காது போய்விட்டதால் எதையும் உரக்கத்தான் சொல்வான்; பெரியவர்களை மரியாதையாகத் ‘தோன்’, ‘தோன்யா’ என்பான். “தோன் நபோர்! தோன்யாவுக்கு முதுகுல ரெண்டு திருகாமே! என் வண்டியில நாலு திருகைக் காணோம்! வேணும்னா கடன் கேக்கலாம்னு இருந்தேன்!”

உபால்தினா சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நபோர் நினைத்துக்கொண்டார்.

எவோதியோ பாதையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். பிறகு கிரேடரில் ஏறினான். மேஸ்திரி நிழலிலிருந்து எழுந்து வந்தார்.

“டேய், எங்க கிளம்பிட்டே? நாளைக்கு வண்டியை ஏத்த டிரெய்லர் வருது. இன்ஜினியர் டீசலைப் பாத்தா என்ன சொல்றது?”

“ரோடு போடுற வண்டி ரோடு போட்டுச்சுன்னு சொல்லுங்க!”

கிரேடரின் அடியிலிருந்த நீளக் கத்தியை இறக்கினான். வரிவரியான சரளை தோல் உரிகிற மாதிரி ஒரு பக்கமாகச் சுருண்டு விழுந்தது. பின்னால் பாதை தட்டையாக, புதிதாகப் பூசிய மண் தரை போல வந்துகொண்டிருந்தது. கடற்காற்று புழுதியை மலைப்பக்கம் தள்ளியது. நபோர் மெத்தையை இருக்கையில் மடித்துப் போட்டு, அவளை ஏற்றி, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தார். நடந்து போகிறவன் முந்திவிடக்கூடிய வேகம்தான்.

“வலிக்குதா?”

“இல்லை. ரோட்டைப் பாத்து ஓட்டு.”

முதல் திருப்பம் தாண்டியது.

“நீ கேக்குறதையே நிறுத்திட்டே,” என்றார் நபோர். “ரோட்டைப் பத்தி.”

“ஆமா.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். “பக்கத்துல வந்துருச்சுன்னதும் பயமாயிருச்சு. தனியா இருந்து பழகிட்டியோன்னு. நான் வந்து நின்னா, அக்கா வீட்டுச் சமையக்கட்டுல நீ நின்னியே, அந்த மாதிரி நான் நிப்பேனோன்னு.” வெளியே பார்த்தாள். “போன வாரம் வேலை நின்னு போச்சுன்னு லிப்ராதோ சொன்னான். கேட்டதும் எனக்கு என்னமோ நிம்மதியா இருந்துச்சு, நபோர். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. நிம்மதியா இருந்ததை நினைச்சுத்தான் பயம். இதுக்கு மேல ரோட்டை நம்பிக்கிட்டு இருந்தா நான் வரவே மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு.”

நபோர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“என்ன, டயரா?”

“இல்லை. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அடப்பாவி,” என்றாள். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகில் பிடிக்கிறது என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. முன்னால் எவோதியோ கிரேடரை நிறுத்தி, என்னவோ ஆகிவிட்டதென்று பதறித் திரும்பிப் பார்த்தான். நபோர் ஒன்றுமில்லை, போ என்று கையை ஆட்டினார்.

வீட்டு வாசல் வரைக்கும் இழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் கத்தியைத் தூக்கினான். லிப்ராதோ மூட்டிய அடுப்பில் புகைதான் அதிகமாக இருந்தது. உபால்தினா இறங்கியதும் உயரமான மேடையைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

“தம்பி, இறங்கி வா. மாவு பிசைஞ்சு ரொட்டி தட்டுறேன், காய்ஞ்ச திருக்கை மீன் இருக்கும், வதக்கித் தரேன்.”

“இருட்டுறதுக்குள்ள வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தணும் தோன்யா! இல்லேன்னா மேஸ்திரி அழுதுருவாரு! நாளைக்குக் காலையில சாப்பிட வரேன்! நாற்காலியில உக்காந்து, தட்டுல, நாலு ரொட்டி! சொல்லிட்டேன்!”

“ஆறு போடுறேன், வா.”

காலையில் உபால்தினா ஆறு ரொட்டி தட்டி, துணியில் சுற்றி வைத்தாள். டிரெய்லர் விடியுமுன்பே வந்து கிரேடரையும் அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

அடுத்த வருடம் பாக்கித் தாரும் போட்டார்கள், வேறு கம்பெனி, வேறு ஆட்கள். நபோருக்கு டயர் வேலை முக்கால்வாசி குறைந்தது. சரளைக்காக டயரில் காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகிய உள்ளூர்க்காரர்கள், தாரிலும் அப்படியே பறந்து டயரைச் சூடேற்றி வெடிக்கவிட்டு வருவதால் ஏதோ ஓடுகிறது. உபால்தினா வாசலில் மீன் ரொட்டி விற்கிறாள். டயர் காசைவிட அதில்தான் அதிகம் என்று லிப்ராதோ சொல்லிக் காட்டாத நாளில்லை. சாலை வேலைக்காரன் எவன் வந்து உட்கார்ந்தாலும், “எந்த மாநிலம், சினலோவாவா, சோனோராவா? எவோதியோன்னு கத்திப் பேசுற கிரேடர்காரனைத் தெரியுமா?” என்று கேட்கிறாள். எவோதியோ என்று பெயருள்ளவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவருமே கத்திப் பேசவில்லை.

போன மாதம் ஒரு டிரெய்லர் மஞ்சள் கிரேடர் ஒன்றைச் சுமந்துகொண்டு தெற்கே போனது. முன் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது, ஏதோ கத்தின மாதிரியும் இருந்தது. நபோர் சாலைக்கு ஓடிவந்து இரண்டு கையையும் வீசினார். புதுத் தாரில் அந்த வேகத்தில் வந்த வண்டி நிற்கவில்லை. அவன்தானா என்று தெரியவில்லை. உபால்தினா மாவுக் கையோடு வாசலில் நின்று, அது தெற்குத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்தாள். “அவனா இருந்தா, திரும்பி வர்றப்ப நிப்பான்,” என்றாள்.

அந்த ஆறு ரொட்டி இன்னும் பாக்கி.