ஷார்ஜாவிலிருந்து வந்த ஷாக் அப்சார்பர்

என் அண்ணன் ஆதமை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகிறது. அவர் எப்படி இறந்தார் என்பதற்கு முன்னால், எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலில் அவருக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பழைய ஃபோர் வீல் ஜீப்புகளுக்கு ஷாக் அப்சார்பர் மாற்ற, மலையடிவாரத் தோப்புகளிலிருந்து அவரைத் தேடித்தான் வருவார்கள். வண்டியின் பெயரைச் சொன்னவுடன் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். வாசலிலேயே வண்டிக்கடியில் படுத்துவிடுவார்.

"பின்னால வில்லுல எத்தன பட்டை போட்டிருக்கீரு?"

"கம்பெனி போட்டது ஏழு, பாய். லோடு தாங்கணும்னு ஒம்பதாக்கிட்டேன்" என்றார் கரிவலம்வந்தநல்லூர் தங்கப்பழம்.

"அப்ப வண்டி ஒசந்திருக்கும்லா. காலியா வந்து நின்னா நான் என்னத்த அளக்க? நாளைக்கு லோடோட வாரும்."

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு விசாரிக்க மாட்டான்."

"பொண்ணுக்கு வாயிருக்கு, கேட்டாச் சொல்லும். இதுக்கு நாமதான் குனிஞ்சு பாக்கணும், வே."

வண்டியைத் தூக்கி, சக்கர அச்சு தொங்கும்போது ஓர் அளவு. லோடு அழுத்தி, அச்சு மேலே உள்ள ரப்பரை முட்டும்போது இன்னோர் அளவு. விரித்தால் முதல் அளவைவிட நீளமாகவும், மடக்கினால் இரண்டாவதைவிடக் குட்டையாகவும் இருப்பதைத்தான் கொடுப்பார். இல்லையென்றால் வியாபாரமே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்.

நான் ஷார்ஜாவில் கணக்கு எழுதுகிறவன். போன மாதம் லீவில் வரும்போது, அண்ணனுடைய ஜீப்புக்கென்று பின்பக்க ஷாக் ஒரு ஜோடி வாங்கினேன். மணல்மேடு ஏறுகிற பெரிய வண்டிக்கானது. வளையமும் போல்ட்டும் பொருந்துமா என்று மட்டும் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வாங்கிய பால்பவுடரை எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன்.

அண்ணன் ஒன்றைத் தரையில் ஊன்றி, முழுப் பலத்தோடு அழுத்திப் பார்த்தார்.

"சாமான் அருமையா இருக்கு. ஆனா மடக்குனாலும் நம்ம வண்டிக்கு நீளம்லே, நியாசு."

"கடல் தாண்டிச் சுமந்துட்டு வந்திருக்கேன். வேண்டாம்னா பழைய இரும்புக் கடையில போட்டுருங்க" என்றேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவன் கொடுத்ததை அவன் கண் முன்னாலேயே போட்டுக்காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். சட்டையோ கைக்கடிகாரமோ, பிடித்திருக்கிறதா என்ற பேச்சே கிடையாது. மறுநாள் காலை ஜீப்பில் என் ஷாக் மாட்டியிருந்தது.

"ஜம்முனு இருக்குலே" என்றார்.

ராயகிரியில் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பிலிருந்து எலுமிச்சை மூட்டைகளோடு இறங்கும்போது, ஓடைப் பள்ளத்தில் ஜீப் விழுந்து எழும்பியிருக்கிறது. அச்சு மேலே வந்தபோது ஷாக் மடங்க இடமில்லை. வண்டிச் சட்டத்தில் அதைத் தாங்கியிருந்த பிடியைப் பிய்த்துக்கொண்டு போய் பிரேக் குழாயை அறுத்துவிட்டது. அடுத்த இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை.

வேகம்தான் காரணம் என்று போலீசில் எழுதினார்கள். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் தங்கப்பழம் என்னைக் கூட்டிப் போய், கவிழ்ந்து கிடந்த வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பிய்ந்த பிடியோடு என் ஷாக் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்று மாலைதான் மதினி மிஸ்ரியாவிடம் சொல்லத் துணிந்தேன். கணவனை இழந்தவர் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமலிருக்கும் இத்தாவில் அவர் இருப்பதால் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"நான் கொண்டு வந்த சாமான்தான், மதினி, அண்ணனக் கொன்னுட்டு."

மதினி கதவோரம் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அவங்களுக்குத் தெரியும், தம்பி. அளவெடுத்துச் சரியான ஜோடி ஒண்ணு வாங்கிட்டாங்க. கட்டிலுக்கு அடியில கெடக்கு. பதினாலாந்தேதி தம்பி பிளைட் ஏறட்டும், அன்னைக்கே மாத்திருவேன், அதுவரைக்கும் லோடு ஏத்த மாட்டேன்னாங்க. நீங்க லீவ நீட்டிட்டீங்க. தோப்புல காய் காத்திருக்குமா?"

ஊர் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அண்ணன் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "இருலே, இருந்துட்டுப் போ" என்றார்.