வெட்டி எறிந்த நிபந்தனை

பாடம் நடத்தும் கல்லூரியில் அவளுக்கு ‘எதிருதாரணம்’ என்று பட்டப்பெயர். கணிதத்தில் யாராவது ‘எப்போதும்’ என்று வாயெடுத்தால், அது உடைகிற இடத்தைக் கையோடு கொண்டுவந்து வைப்பாள். வீட்டிலும் அதே கதைதான் என்று கணவன் சிரிப்பான்.

அப்படிப்பட்டவள் தலையிலேயே மிளகாய் அரைத்தார் துறைத்தலைவர்.

இருவரும் சேர்ந்து ஒரு தேற்றத்தை நிரூபித்திருந்தார்கள். ஏறுமுகமான இரண்டு சார்புகள். கீழே இருப்பது சில புள்ளிகளில் திடீரென மேலே துள்ளும், மேலே இருப்பது சில புள்ளிகளில் திடீரெனக் கீழே சரியும். இவற்றைத்தான் அரைத்தொடர்ச்சி உள்ளவை என்பார்கள். ஆனால் ஒன்றை ஒன்று தாண்டாது. இவற்றின் நடுவே துள்ளலும் சரிவும் இல்லாத, ஏறுமுகமான தொடர்ச்சியான சார்பு ஒன்றை நுழைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: புள்ளிகளின் வரிசையும் நெருக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அந்த நிபந்தனையைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அச்சாகி வந்த ஆய்விதழைக் கல்லூரி ஓய்வறையில் பிரித்தாள். நிபந்தனையைக் காணோம். கடைசித் திருத்தத்தைத் தலைவர்தான் பார்த்திருந்தார். நேரே போய்க் கேட்டாள்.

“நீளமா இருந்துச்சும்மா. தேற்றம் அழகா தெரியல. எடுத்துட்டேன்.”

அழகாம்! வீட்டுக்கு நடுத்தூண் அசிங்கமாக இருக்கிறது என்று பிடுங்கிப் போடுகிறவருக்குப் பெயர் தலைவர். திருத்தம் அனுப்பச் சொன்னதற்கு, அவளுடைய பதவி உயர்வே இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கிறது, அது முடியட்டும் என்று நழுவினார். கணவனும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னான்.

கட்டுரைக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பதவி உயர்வுக்கான தேர்வுக்குழு முன்வரிசையில் இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் தலைவர். அவள் கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள். இடப்பக்கம் ஒரு முனைப் புள்ளியை நெருங்கும் புள்ளிகள், வலப்பக்கம் இன்னொரு முனையை நெருங்கும் புள்ளிகள். இடப்பக்கத்து ஒவ்வொன்றும் வலப்பக்கத்து ஜோடிக்குக் கீழே என்று வரிசை. அந்த நிபந்தனை இல்லாததால் முனைகள் இரண்டுக்குள் மட்டும் வரிசை கிடையாது. நடுவே நுழையும் சார்பு தொடர்ச்சியாக இருந்தால், இட முனையில் அதன் மதிப்பு வல முனையின் மதிப்பைத் தாண்ட முடியாது. ஆனால் கீழ்ச் சார்பு இட முனையில் ஒன்றுக்குத் துள்ளுகிறது, மேல் சார்பு வல முனையில் பூஜ்யத்துக்குச் சரிகிறது. நுழைய வழியே இல்லை.

“அச்சுல இருக்கிற தேற்றம் தப்பு,” என்றாள்.

தலைவர் காதருகே வந்தார். “நஷ்டம் உங்களுக்குத்தான்மா, எனக்கில்ல.”

“தெரியும் சார். அதுக்காக இது உண்மையாயிடுமா?”

பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. இவள் தன் கட்டுரையே தப்பென்று ஒப்புக்கொண்டவளாம்! தலைவருக்கோ ஒரு கீறல் இல்லை. அந்தத் தேற்றம் துறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாகத் தொங்குகிறது, அவள் பெயரோடு.

தினமும் காலையில் வந்ததும் அவள் மார்க்கர் பேனாவை எடுத்து, கண்ணாடிமேல் அந்த நிபந்தனையை எழுதிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாள். மாலைக்குள் யாரோ துடைத்துவிடுகிறார்கள். மறுநாள் இன்னும் பெரிய எழுத்தில் எழுதுகிறாள்.