முரசுக்குப் பின்னால் மிங்தாவ்

லீ மிங்தாவின் முகம் ஊரில் பல பேருக்குச் சரியாகத் தெரியாது. ஆள் குட்டை என்பதால் இல்லை. வயசுப்பையனாக இருந்த காலம் தொட்டு அவர் வெண்கல முரசுக்குப் பின்னாலேயே நின்றார்; சனமெல்லாம் முன்னால் நின்றது.

எங்கள் மலையில் ஒரு சாவு என்றால் முரசு பேசாமல் பிணம் நகராது. முரசின் பக்கவாட்டில் காது மாதிரி இருக்கும் வளையத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிடுவார்கள். முன்னால் நின்று கொட்டுகிறவர் அண்ணன் குவாங்வென். பின்பக்கம் முரசு திறந்து கிடக்கும். அடி விழும்போது அந்த வாய்க்குள் மரவாளியை நுழைத்து, உடனே வெளியே இழுக்க வேண்டும். அதுதான் மிங்தாவின் வேலை. வாளி சரியாகப் போனால் ஓசை பள்ளத்தாக்கைத் தாண்டும். சனம் குவாங்வென் கையைப் புகழும். தப்பிப் போனால் சட்டி விழுந்த மாதிரி கேட்கும், சனம் "எவன்டா அவன் வாளிக்காரன்?" என்று எட்டிப் பார்க்கும். மிங்தாவை ஊர் பார்த்ததெல்லாம் அப்படித்தான்.

அவர் பெண்டாட்டி யின்லானுக்கு வாய் அதிகம். வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து மனுஷன் சோளச் சாராயம் குடிக்கும்போது, குனிந்து வாளியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இல்ல. வெளிய போயிருக்காரு."

"வந்தா சொல்லுங்க, காத்து அள்ளினது போதும், வெறகு அள்ளச் சொல்லி."

நெஞ்சில் நோய் வந்து படுத்த பிறகும் அவள் வாய் படுக்கவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு மத்தியானம் அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"யோவ், எனக்கு நீதான் கொட்டணும். நம்ம வீட்டு முரசை. முன்னால நின்னு. ஒங்கண்ணன் கொட்டினா நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன், ஆமா."

"சரி."

"போற வழியில திரும்பிப் பாத்தா ஒன் மூஞ்சி தெரியணும். வாளி தெரியக்கூடாது."

சிக்கல் என்னவென்றால், வீட்டு முரசு வீட்டில் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு என்று பட்டணத்து மியூசியத்துக்காரர்கள் சொல்ல, குவாங்வென் கொடுத்துவிட்டார். பதிலுக்குத் தோளில் ஒரு சிவப்புத் துண்டும் சுவரில் ஒரு பித்தளைத் தகடும் கிடைத்தன. தம்பியை யார் கேட்டார்கள்?

"சாவுக்குன்னு கேட்டா கொண்டாந்து தருவாங்கடா, வாயால சொல்லியிருக்காங்க" என்றார் குவாங்வென்.

யின்லான் செத்ததும் மிங்தாவ் அண்ணன் வாசலில் போய் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று கேட்டார். குவாங்வென் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப வாளி யாரு புடிக்கிறது?"

"நீங்கதாண்ணே."

"நானா?" என்று சிரிக்கப் பார்த்தவர், தம்பி மூஞ்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்றைக்கே மாட்டுக் கொட்டகையில் ஒரு பானையை வைத்துப் பழகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இதையாடா இத்தனை வருஷம் பண்ணினே?"

மியூசியம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அடக்கத்தன்று காலை வேன் வந்தது. வெய் என்ற சின்னப் பெண்ணும் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு ஆட்களும் முரசை இறக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"தெறந்து விடும்மா" என்றார் மிங்தாவ்.

"தொறக்க முடியாது தாத்தா. காதுகிட்ட விரிசல் ஓடியிருக்கு. ஒரு அடி விழுந்தாலும் பொளந்துடும். பாக்குறதுக்குன்னுதான் அனுமதி வாங்கிக் கொண்டாந்தோம்." நல்ல பெண்தான். கண் கலங்கித்தான் சொன்னாள். கலங்கின கண்ணை வைத்து முரசு கொட்ட முடியுமா?

பக்கத்து ஊர்களின் முரசுகள் வரிசையாகத் தொங்கின. ஆனால் முதல் அடி செத்த வீட்டு முரசுடையது. அது பேசாமல் மற்றது பேசாது. அத்தனை பேரும் கொட்டுகோலைத் தூக்கியபடி மிங்தாவைப் பார்த்தார்கள். ஊரே அவர் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்க்கிற மாதிரியா இருந்தது அது?

கொட்டுமுன் செய்கிற வழக்கப்படி கிண்ணத்துச் சாராயத்தை முரசுக்கு ஊற்றினார். அது கண்ணாடியில் வழிந்து புல்லுக்குப் போனது. வெய் துணி எடுத்துத் துடைத்தாள். அவர் கொட்டுகோலைக் கீழே வைத்தார். குனிந்து, விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"தாத்தா, கை வைக்காதீங்க, ப்ளீஸ்" என்றாள் வெய்.

அந்தத் தட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. குவாங்வென்தான் கையைத் தூக்கி, "மொத அடி விழுந்தாச்சு, கொட்டுங்கப்பா!" என்று கத்தினார். முரசுகள் எழுந்தன.

கடைசி முரசுக்கு வாளி பிடிக்க ஆள் வரவில்லை. சட்டி விழுந்த மாதிரி கேட்டது. சனம் எட்டிப் பார்த்தது. மிங்தாவ் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். யின்லான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டா போவாள்?

அண்ணன் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு, அந்த முரசுக்குப் பின்னால் போய் நின்றார்.

பிணத்தைத் தூக்கினார்கள். ஓசை பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனது. கொட்டினவன் கை நல்ல கை என்று சனம் சொன்னது.