சுவருக்கு முன்னால் விழுந்த ஃபோகஸ்

நம்பாதவர்கள் அமெரிக்காவில் டுலூத்துக்குப் போய் ஆர்டிஸ் ஓஸ்ட்பியையே கேட்கலாம். நெகட்டிவ்களை எடுத்துக் காட்டுவாள். அவளுக்கு நடந்தது இது.

தம்பி மகளுக்கு ஞானஸ்நானம். படம் எடுப்பதற்காகத் பெரிய ஃபிலிம் போடும் தன் மீடியம் ஃபார்மட் கேமராவுக்குப் பழைய லென்ஸ் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தாள். முதலில் அது கூர்மையாக எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனி கொட்டிக் கிடந்த கொல்லைப்புறத்தின் செங்கல் சுவரில் செய்தித்தாளை ஒட்டினாள். ட்ரைபாடை நிறுத்தினாள். எழுத்துகளுக்கு ஃபோகஸ் வைத்து, பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் ஆறு படம் எடுத்தாள்.

"ஏன்க்கா, சுவத்துக்குக் கல்யாணமா?" தம்பி ரோல்ஃப், இடுப்பில் குழந்தையோடு.

"மூடிட்டு உள்ள போடா. பாப்பாவுக்குக் குளிருது."

ஃபிலிமைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். முதல் படத்தில் எழுத்து மங்கல். சுவருக்கு ஓரடி முன்னால் கிடந்த பனிதான் கூர்மையாக விழுந்திருந்தது.

அடுத்ததில் இன்னும் முன்னால்.

ஆறாவதில்... கேமராவுக்கு நாலே அடியில்.

ஃபோகஸ் வளையம் நழுவுகிறது என்று நினைத்தாள். பழைய லென்ஸில் அது சகஜம். நாலடியில் வளையத்தை நிறுத்தி டேப் ஒட்டினாள். ஞானஸ்நானத்தன்று குழந்தையையும் சரியாக நாலடியில் உட்கார வைத்தாள்.

குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்துச் சிரித்தது. அங்கே கையை நீட்டியது.

"யாரப் பாத்துடி இளிக்கிற?" என்றான் ரோல்ஃப்.

க்ளிக்.

படத்தில் இமை முடிகளை எண்ணலாம். அவ்வளவு கூர்மை.

மறுநாள் டேப்பைப் பிரித்துவிட்டு மறுபடி சுவரை எடுத்தாள். ஆறு படத்திலும் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. எதுவும் நழுவவில்லை.

ரோல்ஃப் போன் செய்தான். "என்னக்கா மந்திரம் போட்ட? வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மூலையப் பாத்தே சிரிச்சிட்டிருக்கா."

முதல் ஆறு நெகட்டிவ்களை மறுபடி எடுத்தாள். நெகட்டிவில் பனி கறுப்பு. கூர்மை விழுந்த இடத்தில், கறுப்பில் வெளுப்பாக...

இரண்டு பாதம்.

சின்னது. வெறுங்கால். விரல்கள் கேமராவைப் பார்த்து.

ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் முன்னால்.

லென்ஸை விற்ற கடைக்குப் போன் போட்டாள். சுவரில் ஃபோகஸ் நிற்காததைச் சொல்லி, முன்பு யாருடையது என்று கேட்டாள்.

"ஒருத்தர் கொண்டாந்து குடுத்தாரு மேடம். அவருக்கும் மொதல்ல சுவத்துல ஃபோகஸ் நிக்கலையாம். மகனை ஒரு படம் எடுத்தாராம். அதோட சரியாயிடுச்சாம்."

"சரியானத ஏன் வித்தாரு?"

"வீட்ல இனிமே படம் எடுக்க ஆளில்லேன்னாரு."