டார்புயியின் இரண்டாம் குரல்

லியான்ஸுவாலாவின் வீட்டில் ரெக்கார்டிங்குக்காக ஃபிரிட்ஜை அணைத்தால், ஸ்கூட்டர் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். ஒருமுறை அணைத்தவர் திரும்பப் போட மறந்து, இரண்டு கிலோ பன்றிக்கறி நாறிப்போனது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. சாவி இல்லாமல் மிசோரத்து ஐஸால் மேட்டில் எங்கேயும் போக முடியாது. ஃபிரிட்ஜைத் திறந்துதான் ஆக வேண்டும்.

தையல் மிஷின் பழுதுபார்ப்பது அவர் தொழில். தேவாலயக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாகக் கீழ்க்குரல். ரெக்கார்டிங்கை யாரும் சொல்லித்தரவில்லை. கிட்டாரின் ஓட்டைக்கு நேரே மைக்கை வைத்து, பானைக்குள் தட்டியதுபோல ஒரு வருஷம் பதிவு செய்தார். பிறகு, கழுத்தும் உடலும் சேருமிடத்தில் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தார். பலகைச் சுவரெல்லாம் கம்பளி தொங்கும். அதையும் மீறி வந்த சத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கையால் அறுத்தெடுப்பார்.

இப்படிப்பட்ட மனிதரை அவருடைய அக்கா டார்புயி பன்னிரண்டு நாளாகப் படுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் ஹ்மிங்லியானா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சனிக்கிழமை காலையில் கல்லறைக்குக் கல் நடுகிறார்கள். அவருக்காக ஒரு பாட்டு எழுதியிருந்தாள். ஒரு கிட்டார், அவள் குரல் மட்டும்.

"நாலு பேர் முன்னாடி நின்னா எனக்கு வாயே திறக்காதுடா. நீ பதிஞ்சு குடு, அங்க போட்டுடலாம்" என்றிருந்தாள்.

மூன்று நிமிஷப் பாட்டு. முதல் நான்கு அடிகளை நன்றாகத்தான் பாடினாள். பல்லவிக்கு வந்ததும் மெட்டை விட்டுவிட்டு இரண்டாம் குரலுக்கு இறங்கிவிட்டாள். முப்பது வருஷமாகக் குழுவில் முதல் குரலுக்குத் துணையாக, அடியில் ஓடும் இரண்டாம் குரலைப் பாடியே பழகியவள். மெட்டை எடுத்துப் போவது வேறு யாரோதான்.

"அக்கா, நீ ஒருத்திதான் பாடறே. மேல யாரும் இல்லே. மெட்டைப் பாடு."

"மெட்டைத்தானே பாடினேன்."

போட்டுக் காட்டினார். கேட்டுவிட்டு, "ஆமா" என்றாள். அடுத்த தடவையும் அங்கேயேதான் இறங்கினாள்.

கிட்டாரில் மெட்டை வாசித்து ஹெட்போன் வழியாக அவள் காதில் போட்டுப் பார்த்தார். மெட்டு கேட்டதும் இன்னும் சுகமாக அதற்குத் துணை போனாள். வரி வரியாகப் பதிந்து ஒட்டினார். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. கடைசியில் பொறுமை போய், எழுந்து நின்று, கம்பளியும் பலகையும் அதிர அவரே பாடிக்காட்டத் தொடங்கினார். பல்லவியின் உச்ச சுரம் அவருடைய கீழ்க்குரலுக்கு எட்டாது. அந்த இடத்தில் ஒரு சுரம் தாழ்த்திக் கத்தினார். ஒரு நாளைக்கு முப்பது தடவை.

பக்கத்து வீட்டு பு காப்சாவா, அதாவது காப்சாவா ஐயா, ஜன்னலில் தலையை நீட்டினார். "லியான்ஸுவாலா, அந்தப் பாட்டு இப்ப எங்க வீட்டு நாய்க்குக்கூடப் பாடமாயிடுச்சு. உங்க அக்காவுக்கு மட்டும்தான் வரல போல."

"உங்க நாயை அனுப்புங்க பு. சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்."

வியாழக்கிழமை மதியம், பதிந்ததையெல்லாம் சேர்த்துச் சீராக்கும் கலவைக்கு உட்கார்ந்தார். தேறியது எதுவோ அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று, அழிக்காமல் வைத்திருந்த பதினொரு பல்லவிகளையும் அடுத்தடுத்துக் கேட்டார். பதினொன்றும் ஒன்றுபோலவே இருந்தன. மூச்சு வாங்கும் இடம், இழுப்பு, தாழ்வு எதிலும் மயிரிழை மாற்றமில்லை. தப்பாகப் பாடுகிறவர்கள் தடவைக்கு ஒரு விதமாகத் தப்பு செய்வார்கள். ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா, இங்க மேல யார் பாடறதா நெனச்சுப் பாடறே?"

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவர்தான். வேற யாரு? பல்லவியை எப்பவும் அவர்தானே எடுப்பார். எழுதும்போதே அப்படித்தான் வந்துச்சு."

"இதைப் பன்னெண்டு நாள் முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்டே? கத்திக்கிட்டேதானே இருந்தே."

மெட்டை அவரே பாடிச் சேர்க்கலாம் என்றார். வேண்டாம் என்றாள். கிட்டாரிலாவது வாசிக்கட்டுமா என்றதற்கும் தலையாட்டி மறுத்தாள். ஆகவே அப்படியே விட்டார். அடியில் இருந்த இரைச்சலை அறுத்து, அவள் மூச்சை மட்டும் அறுக்காமல் வைத்து, லேசாக எதிரொலி கொடுத்து முடித்தார். மெட்டு இருக்க வேண்டிய இடம் காலி. கேட்கிறவர்கள் பாதிப் பாட்டைப் பதிந்து தந்துவிட்டான் என்பார்கள். இருபது வருஷப் பெயர் போச்சு என்று நினைத்துக்கொண்டே அதை ஒலிபெருக்கிக்கு ஏற்றினார்.

சனிக்கிழமை கல்லறை மேட்டில் கல்லை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். ஜெபம் முடிந்ததும் பாட்டைப் போட்டார். டார்புயி கைகளைக் கட்டித் தலைகுனிந்து நின்றாள். நான்கு அடிகள் போயின. பல்லவி வந்தது. துணைக்குரல் மட்டும் தனியாக நடந்தது. லியான்ஸுவாலா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது வார்த்தையில் பின்னாலிருந்து பு காப்சாவா மெட்டை எடுத்தார். காலியான இடம் ஒன்றைக் கேட்டுவிட்டு இந்த ஊர்க்காரர்களால் சும்மா நிற்க முடியாது. மூன்றாவது வார்த்தையில் அவர் மனைவி சேர்ந்தாள். மறுமுறை பல்லவி வந்தபோது அந்தத் தெருவே பாடியது. பன்னிரண்டு நாள் பலகைச் சுவர் வழியாகக் கேட்டதாயிற்றே.

டார்புயி தலையை நிமிர்த்தினாள். வாய் திறந்தாள். ஒலிபெருக்கியில் ஒரு டார்புயி, கல்லருகே ஒரு டார்புயி, இருவருமே மெட்டுக்கு அடியில். லியான்ஸுவாலா குமிழைப் பிடித்து, ஒலிபெருக்கியில் இருந்தவளை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். அவள் கவனிக்கவில்லை, பாடிக்கொண்டிருந்தாள்.

உச்ச சுரம் வந்தது. தெரு மொத்தமும் ஒரே குரலாக ஒரு சுரம் தாழ்த்திப் பாடியது.

"அங்க மேல போகணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பு காப்சாவாவிடம் முனகினார் லியான்ஸுவாலா.

"நீ அப்படித்தானே பாடினே" என்றார் அவர், பாட்டை விடாமல்.