தள்ளிப்போட்ட தேதியோடு திருச்சிக்கு

எண்டோமெட்ரியோசிஸுக்கு ஊசி இல்லாமல் மாத்திரையே வந்திருக்கிறதாமே, திருச்சியில் கேட்டுப் பார்த்தீர்களா என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், அதனால்தான் இந்தத் தாமதம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியேயும் வளர்ந்து வலிக்க வைக்கும் நோய் இது. மாதத்தில் ஐந்தாறு நாள் என் மூன்றரை வயது மகள் யாழினி "அம்மா தூக்கு" என்று கையை நீட்டும்போது, படுத்தபடியே அவள் விரலை மட்டும் பிடித்துக்கொள்வேன். போன வருஷம் போட்ட ஊசியில் முதலில் வலி கூடிவிட்டது, பயந்து நிறுத்திவிட்டேன். ஜூனில் அவளுக்கு ஸ்கூல். அதற்குள் நான் எழுந்து நடமாட வேண்டும்.

வையம்பட்டியில் காலை 6.40-க்குப் பஸ். திருச்சிக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். கூட மகளும் மாமியாரும். அத்தைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. டாக்டரையும் பெருமாளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டது நான்தான். மாதவிலக்குத் தேதியும் அதே வாரத்தில் வந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்றால் நம் வீடுகளில் செய்வதைத்தான் செய்தேன்: மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி, நான்கு நாளாக யாருக்கும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

8.15-க்குப் பஞ்சப்பூர் பஸ் நிலையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட், நெரிசலில் முக்கால் மணி நேரம். டாக்டர் இருக்கும் தில்லை நகருக்கு ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார்.

"நூறு ரூபாய்க்கு நாங்க ரெண்டு பேரும் ஊருக்கே திரும்பிப் போயிடுவோம் தம்பி," என்றார் அத்தை.

"அப்ப அந்த பஸ்ஸையே தில்லை நகருக்கு விடச் சொல்லுங்கம்மா," என்றவர், எழுபதுக்கு வந்தார்.

டோக்கன் பதினான்கு. 11.20-க்குக் கூப்பிட்டார்கள். யாழினியை அத்தையிடம் விட்டுவிட்டு உள்ளே போனேன். டாக்டர் பொறுமையானவர். பழைய ஊசி மருந்து புரதத்தின் துண்டு மாதிரி, வாய்வழி கொடுத்தால் வயிறு செரித்துவிடும். வயிற்றைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு சின்ன மூலக்கூறைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை காலம் ஆனது என்றார்.

"அது போய் என்ன செய்யும் டாக்டர்?"

"பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்கள்ல, அதேதான். மூளையிலருந்து வர்ற ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்துல இது துண்டைப் போட்டுடும். சினைப்பைக்கு உத்தரவு போகாது, ஈஸ்ட்ரோஜன் குறையும். நிறுத்தினா துண்டை எடுத்த மாதிரி, பழையபடி ஆயிடும்."

எலும்பு பலம் குறையலாம், அதனால் வருஷக்கணக்கில் இஷ்டத்துக்குச் சாப்பிட முடியாது. சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது என்றும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பேனாவை எடுத்தார். "கடைசியா எப்ப டேட் ஆச்சு?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "அப்ப நேத்தே வந்திருக்கணுமே?"

தள்ளிப்போட்ட கதையைச் சொன்னேன். பேனா மூடிக்கொண்டது.

"என்னம்மா, படிச்சவங்க நீங்க. அதுவும் ஹார்மோன் மாத்திரைதான். இந்த மாத்திரையை டேட் வந்த முதல் சில நாள்லதான் ஆரம்பிக்கணும். கர்ப்பம் இல்லன்னு தெரியணும். அதை நிறுத்துங்க, வந்த உடனே வாங்க."

வெறுங்கையோடு வெளியே வந்தேன். "குடுத்தாங்களா?" என்றார் அத்தை. "அப்புறமா வரச் சொன்னாங்க," என்று மட்டும் சொன்னேன்.

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ், சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காவிரிப் பாலம் வந்தது, ராஜகோபுரம் தெரிந்தது, யாழினி கை தட்டினாள். என் மனசு எதிலும் நிலைக்கவில்லை. இன்னொரு மாதம் போய்விடுமோ, நிறுத்தியதும் வலி இரண்டு மடங்காக வருமோ என்று கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இலவச தரிசன வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம். யாழினி தூக்கச் சொன்னாள். தூக்கினேன், அடிவயிற்றில் இழுத்தது, முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு, "உள்ள என்னதான் சொன்னாங்க?" என்றார். கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தள்ளிப்போடச் சொல்லி நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கல அத்தை. நானேதான்."

"பெருமாள் படுத்துக்கிட்டுதானே இருக்காரு, எந்திரிச்சு எங்க போயிடப் போறாரு? வேண்டுதல் அடுத்த மாசம் தீர்ந்தா ஆகாதா? கோளாறு பிடிச்சவளே!" முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

வேண்டுதலை முடித்து ஊர் திரும்பினோம். தள்ளிப்போடும் மாத்திரையை அன்றே நிறுத்தினேன், மூன்றாம் நாள் ரத்தப்போக்கு வந்தது. மறுநாள் அதே 6.40 பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் சுருண்டு கிடந்தேன். யாழினி அத்தை மடியில். பரிசோதனை முடிந்து, மாத்திரையோடு 12.30-க்குச் சத்திரம் வந்தோம். எதிரே ஒன்றாம் நம்பர் பஸ் காலியாக நின்றது. "கோபுரம் போலாம் அப்பத்தா," என்று யாழினி இழுத்தாள். "இன்னைக்கு இல்ல, உங்கம்மா மாத்திரை போடணும்," என்று அத்தை தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து நீட்டினார்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதரைக்குள் டோக்கன் வாங்குங்கள். பழைய ஸ்கேன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, தள்ளிப்போடும் மாத்திரை உட்பட, கொண்டுபோங்கள். எலும்பைப் பற்றி நீங்களே கேளுங்கள். கோயிலுக்கு வேறு நாள் வையுங்கள்.

இன்று பதினோராவது மாத்திரை. வலி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அடுத்த தேதி வந்தால்தான் தெரியும். இந்த முறை அது வரட்டும், வராமலே போகட்டும், நான் கை வைக்க மாட்டேன். காலண்டரில் அந்த நாளை அத்தையே வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.